பின்சக்கரம் கட்டிய நாட்கள்

மார்ச் 4

சென்ற பயணத்தில் மூன்றாவது முறையாக அறுந்த, என் மிதிவண்டியின் பின்சக்கர ஸ்போக் கம்பியை இன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் விளிம்புத் துளைக்குள் கொக்கிபோல் வளையும் கழுத்தில்தான் அது முறிந்திருக்கிறது. முறிந்த முகத்தின் பெரும்பகுதி மங்கி வழவழப்பாக இருந்தது; ஓரத்தில் ஒரு சிறு பிறை மட்டும் சொரசொரப்பாகப் பளிச்சிட்டது. ஒரே பள்ளத்தில் விழுந்து அறுந்த கம்பிக்கு இந்த முகம் இராது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் தரைப்பக்கம் வரும் கம்பி சற்றே தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. இலட்சக்கணக்கான முறை அப்படித் தளர்ந்து இறுகி அயர்ந்துபோன எஃகு இது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறேன்.

மார்ச் 6

கம்பியைத் தேர்ந்துவிட்டேன்: இரு முனைகளிலும் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மொத்தம் 36. முழு நீளமும் தடித்த கம்பிதான் உறுதி என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் நடுப்பகுதி மெலிந்த கம்பி அதே இழுவிசையில் கூடுதலாக நீள்வதால், பாரத்தில் ரிம் சற்று அமுங்கும்போது அது முற்றிலும் தொய்ந்துவிடுவதில்லை. பாரம் பக்கத்துக் கம்பிகளுக்கும் பகிரப்படுகிறது, கழுத்தும் பிழைக்கிறது. கம்பியின் முனையை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகான நிப்பிள் பித்தளையேதான். அலுமினிய நிப்பிள் சில கிராம் எடையைக் குறைக்கும். ஆனால் ஈரத்தில் அரித்து இறுகிவிட்டால் நடுவழியில் கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோணலை நிமிர்த்த, அதாவது கோட்டம் எடுக்கவே முடியாது.

மார்ச் 9

ரிம் இரட்டைச் சுவர் உடையது, சற்றுக் கனமானதும்கூட. விறைப்பான ரிம் பாரத்தைப் பல கம்பிகளுக்குப் பரப்பும் என்பதால் இந்தக் கனத்தை நான் மனமுவந்து ஏற்கிறேன். 559 மி.மீ. ரிம் அளவில் சிறியதாதலால் இன்னும் உறுதியானது. என் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) 622 மி.மீ. ரிம்முக்கு உரியது என்பதால் அந்த யோசனையைத் தொடரவில்லை.

ஹப்பில் 130 மி.மீ. அகலத்தைத் தவிர்த்து 135 எடுத்தேன். வலப்பக்கப் பற்சக்கர அடுக்கு அப்பக்க விளிம்பை உள்ளே தள்ளிவிடுவதால் வலக்கம்பிகள் மிக இறுக்கமாகவும் இடக்கம்பிகள் தளர்வாகவும் நிற்கின்றன. அச்சு அகலமானால் அந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது.

மார்ச் 15

ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும்படி கோத்து, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கினேன். வலப்பக்கம் இழுவிசைமானி ஏறத்தாழ 1,100 நியூட்டன் காட்டியதும் நிறுத்திவிட்டு, ஒரே பக்கத்தின் கம்பிகளை விரலால் சுண்டிக் கேட்டேன். சுருதி தாழ்ந்து ஒலித்த இரண்டைச் சரிசெய்த பிறகு, இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை அணிந்த கையால் அழுத்திப் பிழிந்தேன். வளைவுகள் விளிம்பில் ஒழுங்காகப் படிந்து, வளைத்தபோது எஃகில் தங்கிய தகைவு தணிவதற்கு இதுவே வழி. பிழிந்ததும் ரிம் சற்றுக் கோணியது. கோட்டம் எடுத்து மறுபடி பிழிந்தேன். மூன்றாம் முறை அது அசையவில்லை.

மார்ச் 17

முழுச் சுமையுடன் 60 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து சுண்டிப் பார்த்தேன், சுருதி மாறவில்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு மாற்றுக் கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வலக்கம்பி இடக்கம்பியைவிட 2 மி.மீ. குட்டை என்பதால் அதன் முனையில் சிவப்பு நூல் சுற்றினேன்.