அப்பாவின் டிசெபிலிட்டி பென்ஷன்: குன்னூரில் ஒரு ரூபாய் வாங்காமல் கேஸ் நடத்தியவர்கள்

அப்பாவுக்கு டிசெபிலிட்டி பென்ஷன் ஒருவழியாக வந்துவிட்டது. 2011-ல் ரிட்டையர் ஆனபோதே வந்திருக்க வேண்டியது. இடையில் போன எட்டு வருஷத்துப் பணம் இனி வரவே வராது. ஒரு ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வாயால் சொன்ன ஒரே வரிதான் அதற்குக் காரணம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீலகிரியில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே யாராவது இதே வரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா காலாட்படையில் ஹவில்தார். சர்வீசில் பாதிக்கு மேல் மோர்ட்டார் பிளட்டூன், அதாவது குழாயிலிருந்து குண்டு வீசும் சிறு பீரங்கிப் பிரிவு. இரண்டு காதும் போனது அங்கேதான். ரிட்டையர் ஆகும்போது நடந்த மெடிக்கல் போர்டு, காது கேளாமை 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியது. அதே தாளில், இது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்றும் எழுதிவிட்டது. இந்த இரண்டும் இல்லை என்பதைத்தான் ஆங்கிலச் சுருக்கமாக நானா (NANA) கேஸ் என்பார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தாலும் நானா என்று போட்டுவிட்டால் டிசெபிலிட்டி பென்ஷன் பைசா கிடையாது.

மறுப்புக் கடிதம் வந்ததும் அப்பா அதை எடுத்துக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் கடிதத்தைப் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. தேதியை மட்டும் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் தாண்டிருச்சு, இனிமே அப்பீல் எல்லாம் கிடையாது" என்றார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டார். அவர் வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் கத்தினார். அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை, கடிதம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

அவர் சொன்னது தப்பு. ஆறு மாதம் என்ற கெடு உண்டுதான், ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அப்பீல் போடலாம், படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் தாமத மன்னிப்பு மனுவும் போடலாம். பென்ஷன் மாதா மாதம் வரவேண்டிய பணம் என்பதால் தாமதம் அந்த உரிமையையே அழித்துவிடாது. ஆனால் பாக்கித் தொகை, கேஸ் போடுவதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். தர்சேம் சிங் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நாங்கள் கேஸ் போட்டது 2022-ல். கணக்கு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெலிங்டன் கேன்டீனில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் சொல்லித்தான் குன்னூர் குழுவைப் பற்றித் தெரிந்தது. ஊனமடைந்த முன்னாள் படைவீரர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிறார்கள் என்றார். இலவசம் என்றால் கடைசியில் எங்கேயோ பணம் கேட்பார்கள் என்ற சந்தேகத்தோடுதான் போனேன். கடைசிவரை கேட்கவில்லை. ஜெராக்ஸ், தபால் செலவு மட்டும் நாங்கள் கொடுத்தோம், அதற்கும் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குக் காட்டினார்கள்.

நடத்துவது மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற சுபேதார். இன்னொருவர் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து நாயப் சுபேதாராக ரிட்டையர் ஆனவர், படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசில் காகிதம் எது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மூன்றாவது ஒரு வக்கீல் அக்கா, சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வாதாடுவது அவர்தான். இவர்களுக்குத் துணையாக ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது ஒரு ஹவில்தாரின் மனைவி. கணவர் கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். கேஸ் முடிந்த பிறகும் இவர் வருவதை நிறுத்தவில்லை.

பெட்போர்டு பக்கம் ரோட்டை ஒட்டி, படியே இல்லாத ஒரு அறை. நம்ம ஊரில் படி ஏறாமல் எந்த ஆபீசுக்குள்ளும் போக முடியாது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். முன்னால் மாடியில்தான் இருந்தார்களாம், வாடகையும் குறைவு. ஒரு கால் இழந்த ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து படியேறி வந்ததைப் பார்த்த அன்றே சுபேதார் கீழே இடம் தேட ஆரம்பித்துவிட்டார். அதற்கும் வர முடியாதவர்களுக்கு, ஜீப் ரோட்டில் நின்றால் இவரே பேப்பர் பேடை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் நின்று எழுதிக்கொள்வார், நானே பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் அவர் நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதுவரை எல்லா ஆபீசிலும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு என்னிடம்தான் பேசுவார்கள். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "எந்த மோர்ட்டார், எத்தனை வருஷம், காதுக்கு ஏதாவது குடுத்தாங்களா?" அப்பா "பஞ்சுதான் சாப்" என்றார். அப்புறம் அவர் பேசிய பேச்சு! அவ்வளவு நேரம் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

அங்கே ஒரு விதி உண்டு. யாரும் வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. முடியாது என்றால் முடியாது என்று எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் நாமே ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லையென்றால் பதிவுத் தபால். எங்கள் ஃபைலில் கடைசியில் வேலை செய்தது எல்லாம் இப்படி வாங்கிய காகிதங்கள்தான்.

முதல் வேலை மெடிக்கல் போர்டு நகல். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவம், இது இல்லாமல் கேஸே இல்லை. அப்பாவிடம் இருந்தது டிஸ்சார்ஜ் புக்கும் பிபிஓவும் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) மட்டும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் எங்கள் பக்கத்துத் தபால் ஆபீசில் இல்லை, அதற்கே ஒரு நாள் அலைந்தேன். பதில் வந்தது, பிரித்துப் பார்த்தால் கறுப்பு கறுப்பாக ஜெராக்ஸ். நாயப் சுபேதார் ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "போர்டு காரணம் எழுதுற பக்கம் இதுல இல்ல" என்றார். ஊனம் எத்தனை சதவீதம் என்ற பக்கம் இருக்கிறது, ஏன் பணியால் வரவில்லை என்று சொல்லும் பக்கம் மட்டும் காணோம். நானாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். நகல் வந்ததும் பக்க எண்ணை வரிசையாகச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் புதிதாக மனு போடாதீர்கள், அதே மனுவின் பேரில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், 30 நாளுக்குள். அப்படித்தான் அந்தப் பக்கம் வந்தது.

அதில் இருந்த காரணம் ஒரே வரி. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைக்கோ சண்டைக்கோ போகாத அமைதிப் பகுதியில், இருந்தபோது தெரியவந்தது, இன்ஜுரி ரிப்போர்ட் இல்லை, அவ்வளவுதான். நாயப் சுபேதார் அப்பாவின் போஸ்டிங் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தார். பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சில மாதத்திலேயே காது பரிசோதனை நடந்திருக்கிறது, அதற்கு முன்னால் இருந்த வருஷம் முழுக்க மோர்ட்டாரோடுதான். "காது ஒரே நாள்ல போறதில்லம்மா. குண்டடி பட்ட மாதிரி இதுக்கு இன்ஜுரி ரிப்போர்ட் எங்கிருந்து வரும்?" என்றார். அப்புறம் ஆள்சேர்ப்பு நேரத்து மெடிக்கல் தாளை எடுத்தார். மை மங்கிப்போயிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது: வலது காது 610, இடது காது 610. அதாவது 610 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து கிசுகிசுத்தால் இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. அந்த எண்ணின் மேல் அவர் விரலை வைத்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார்.

கேஸின் உயிர்நாடி அந்த எண்தான். சேரும்போது குறை ஏதும் எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த குறை பணியால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான், படைவீரர் இல்லை. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2014-ல் வந்த சுக்விந்தர் சிங் வழக்கு காது கேளாமை பற்றியதே. இன்னொன்று ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர் 10. சர்வீஸ் முடிந்து சாதாரணமாக ரிட்டையர் ஆனவர்களுக்கும் ரவுண்டிங் உண்டு என்றது அது: 50-க்குக் கீழே என்றால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. அப்பாவின் 30 இப்படித்தான் 50 ஆனது. ஆனால் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ரிட்டையர் ஆனவர்களுக்குப் புது விதிகள் வந்துவிட்டன, அவர்கள் எங்கள் கதையை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நடுவில் ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். கேஸ் ஜெயித்தால் பாக்கித் தொகையில் பங்கு கொடுத்தால் போதும், முன்பணம் வேண்டாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வக்கீல் அக்காவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபம் எனக்குப் புதுசு. ஜெயிக்கும் பணத்தில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படியே தடை. இப்படி யாராவது வந்தால் டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். அதைத் திரும்ப வாங்க முடியாமல் குழுவைத் தேடி வந்தவர்களையும் அங்கே பார்த்தேன்.

இன்னொரு அலைச்சல். அரசு சட்ட உதவியும் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு இடத்துக்குப் போனோம். வருமானச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே கிடையாது என்றார்கள். இ-சேவை, விஏஓ என்று அலைந்து வாங்கினேன். தேவையே இல்லை! 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12: மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, பெண்களுக்கும் உண்டு, எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போதும். இப்போது வழி இன்னும் சுலபம். 2025 ஜூலை 26 கார்கில் வெற்றி நாளில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடங்கிய வீர் பரிவார் சஹாயதா திட்டத்தில், படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைக்கிறார்கள். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

மனு, பிரமாணப் பத்திரம், நோட்டரி எல்லாம் சீக்கிரம் முடிந்தது. சென்னைக்கு நீங்கள் வர வேண்டியதே இல்லை என்று வக்கீல் அக்கா சொல்லியிருந்தார், அப்பாதான் ஒரு தடவையாவது போய் நிற்க வேண்டும் என்றார். நவம்பர் மழை. பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டார்கள், கோத்தகிரி சுற்றி மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸைக் கடைசி நிமிஷத்தில் பிடித்தோம். காலையில் அங்கே போய் உட்கார்ந்தால், எதிர்த்தரப்பு பதில் மனு போட அவகாசம் கேட்டது, அடுத்த தேதி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா அசையவில்லை. ஒரு நீதிபதியும், முன்னாள் ராணுவ அதிகாரியான ஒரு உறுப்பினரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு மோர்ட்டார்னா என்னன்னு தெரியும்" என்றார். அதே நம்பிக்கையில் ஊர் திரும்பினார்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. 610-ஐ தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். 30 சதவீதம், 50 ஆக ரவுண்டிங், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். திருத்திய பிபிஓ வந்தது, தொகை குறைவாக இருந்தது. ஃபைல் பார்க்கும் அக்காதான் கண்டுபிடித்தார். 100 சதவீத ஊனத்துக்கு டிசெபிலிட்டி தொகை என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 50-க்கு அது 15 சதவீதம் வரும், 30-க்கு 9 தான். எங்களுக்கு 9-ல் போட்டிருந்தார்கள், தீர்ப்பு நகல் கூடவே இருந்தும். நல்லவேளை, அப்பா அதற்குள் யாருக்கும் ஒப்புதல் கடிதம் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. சுபேதார் அன்றைக்கே கடிதம் எழுதினார், தீர்ப்பின் அந்தப் பத்தியில் கோடு போட்டு இணைத்தார், சரிசெய்யாவிட்டால் நிறைவேற்று மனு போடுவோம் என்று கடைசி வரியில் சேர்த்தார். பதிவுத் தபால் ரசீதை அக்கா ஃபைலில் பின் பண்ணி வைத்தார். போன மாதம் சரியான தொகையும் பாக்கியும் சேர்ந்து வந்துவிட்டது. ராணுவ பென்ஷன் விவரம் பார்க்கும் ஸ்பர்ஷ் இணையதளத்தில் தெரியும் தொகை சரிதானா என்று நீங்களும் இந்த 15 கணக்கை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குன்னூர் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, மறுப்புக் கடிதம், ஆதார், பாங்கு பாஸ்புக் இவற்றின் நகலை எடுத்துப் போங்கள். ஆதாரில் இனிஷியலும் பிபிஓவில் அப்பா பேரின் முழு விரிவும் இருந்தால் அதைத் திருத்தும் வேலையை முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள், எங்களுக்கு அது தனியாக நேரம் தின்றது. சனிக்கிழமை காலையில் போனால் மூன்று பேரையும் பார்க்கலாம்.