ட்ரென்ட் பிரிட்ஜ்: ஒரு தேநீர் இடைவேளையைத் தேடி

நாட்டிங்ஹாம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நடந்து ட்ரென்ட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால், 1838இல் வில்லியம் கிளார்க் ஒரு விடுதிக்குப் பின்னாலிருந்த நிலத்தில் அமைத்த கிரிக்கெட் மைதானம் வந்துவிடுகிறது. 2011 ஜூலை 31 அன்று இங்கே நிகழ்ந்த ஒரு தேநீர் இடைவேளைக்காகவே நான் இந்த ஊருக்கு வர விரும்பினேன்.

இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்து மட்டையாளர் இயான் பெல் அப்போது 137 ரன்கள் எடுத்திருந்தார். இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தை மறுமுனையில் ஆடிய மோர்கன் லெக் திசையில் அடிக்க, எல்லைக்கோட்டருகே பாய்ந்து தடுத்த பிரவீன் குமார், அது பவுண்டரி என்று நினைத்தவரைப்போல் பந்தை மெதுவாகத் திருப்பி எறிந்தார். பெல்லும் அப்படியே எண்ணிப் பெவிலியனை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஆனால் பந்து பவுண்டரியைத் தொடவில்லை; எனவே ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. அது கைமாறி வந்ததும் சென்னை வீரர் அபினவ் முகுந்த் பெயில்ஸைத் தட்டிவிட்டார். நடுவர்கள் ரன் அவுட் கொடுத்தனர். விதிப்படி அது சரியான தீர்ப்பு. பெல்லே பின்னர் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸும் பயிற்சியாளர் ஃப்ளவரும் இந்திய அணியின் அறைக்குச் சென்று பேசினர். இந்தியக் கேப்டன் தோனி சக வீரர்களுடன் கலந்து, அவுட் கேட்ட அப்பீலைத் திரும்பப் பெற்றார். இது தெரியாத ரசிகர்கள், களமிறங்கிய இந்திய வீரர்களைக் கூச்சலிட்டுப் பழித்தார்கள். பின்னால் பெல் மட்டையுடன் வருவதைக் கண்டதும் அதே கூட்டம் கைதட்டியது. பெல் மேலும் 22 ரன்களே சேர்த்தார். இந்தியா 319 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. தோல்விக்கு அந்தப் பெருந்தன்மை காரணமன்று என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் முந்தைய டெஸ்டில் லார்ட்ஸில் தோற்றுத் தொடரில் பின்தங்கியிருந்த அணி, பெல் இன்னும் எத்தனை ரன் எடுப்பார் என்று தெரியாத நிலையில் அவரைத் திரும்ப அழைத்தது என்பதே என்னை நெகிழவைக்கிறது.

இன்று பெவிலியன் முனைக்கு இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஸ்டூவர்ட் பிராடின் பெயர். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரில், 2013இல் இங்கே ஆஸ்திரேலியாவின் ஏகார் வீசிய பந்து அவர் மட்டையில் பட்டு ஸ்லிப்பில் கேப்டன் மைக்கேல் கிளார்க்கிடம் சென்றும், நடுவர் அவுட் கொடுக்காததால் பிராட் நகரவில்லை. தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் ரிவ்யூ ஆஸ்திரேலியாவிடம் மீதமில்லை. இங்கிலாந்து 14 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. தீர்ப்பு நடுவருடையது என்பதால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்; ஆனால் என் மதிப்பில் தோனியின் முடிவே உயர்ந்து நிற்கிறது.

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர்கள் லார்வுட், வோஸ் இருவரின் பெயர் தாங்கிய அரங்கும் இங்குண்டு. 1932-33 பாடிலைன் தொடரில், கேப்டன் ஜார்டினின் உத்தரவுப்படி ஆஸ்திரேலிய மட்டையாளர்களின் உடலைக் குறிவைத்து வீசியவர்கள் இவர்கள். சுரங்கத் தொழிலாளியாக இருந்த லார்வுட், மன்னிப்புக் கேட்க மறுத்ததால் அதன்பின் டெஸ்ட் ஆடவேயில்லை. 1950இல் அவர் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்தார். அதற்குத் துணைநின்றவர், அத்தொடரில் அவரது பந்துகளை எதிர்கொண்ட ஆஸ்திரேலிய மட்டையாளர் ஜாக் ஃபிங்கிள்டன். 1995இல் இறக்கும்வரை லார்வுட் சிட்னியில்தான் வாழ்ந்தார்.