ரோஷனாரா கட்சி

மொகலாய அரண்மனை அக்கா தங்கையைப் பற்றி நாவல் எழுதுகிறவர்களுக்கு ஜஹனாரா என்றாலே மனசு உருகிவிடும். தங்கை ரோஷனாரா வந்தால் மட்டும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பொருமுவாள். போன வாரம் முடித்த தடி நாவலிலும் இதே கதைதான். அழகு, காதல், பொறாமை. எதற்குப் பொறாமை என்று அத்தனை பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

விஷயம் சொத்துக் கணக்கில் இருக்கிறது. 1631இல் இவர்களுடைய அம்மா மும்தாஜ் இறந்தபோது அவர் சொத்தில் பாதியை அப்பா ஷாஜஹான் ஜஹனாராவுக்கே கொடுத்துவிட்டார். மீதிப் பாதிதான் மற்ற ஆறு பிள்ளைகளுக்கும். அக்காவுக்கு வயது 17, தங்கைக்கு 13. பிறகு சூரத் துறைமுக வருமானமும் அக்காவுக்கே போனது.

ஆடி மழையில் நீலகிரி மஞ்சூரில் கரண்ட்டை நம்பி உட்கார முடியாது. இருட்டில் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "பாதியா? மூத்தவளுக்கு மட்டுமா?" என்றாள். அம்மா நாவல் படிக்கிறவள் இல்லை. ஆனால் தாத்தா பாகம் பிரித்தபோது ரோட்டோரத் தேயிலைத் தோட்டம் பெரியம்மாவுக்கும் பள்ளத்துத் தோட்டம் இவளுக்கும் வந்தது. இலை எடுக்கிற லாரி பெரியம்மா தோட்டத்தை ஒட்டியே நிற்கும். அம்மா மூட்டையை மேடேற்றியாக வேண்டும், மழைக்காலத்து ஈர இலையின் கனமே வேறு. "வயிறு எரியாதா பின்னே?" என்றாள். அன்றிலிருந்து அவள் ரோஷனாரா கட்சி.

1658இல் சகோதரர்கள் தாராவும் அவுரங்கசீப்பும் போட்ட வாரிசுச் சண்டையில் அக்கா தாரா பக்கம், தங்கை அவுரங்கசீப் பக்கம். அவுரங்கசீப் ஜெயித்தார். அக்கா ஆக்ரா கோட்டையில் சிறைப்பட்ட அப்பாவோடு தங்கிவிட்டாள். அந்தப்புரம் தங்கை கைக்கு வந்தது. அடுத்த வருடம் தாரா கொல்லப்பட்டதோடு நாவல் முடிகிறது. எனக்கு எரிச்சலே இங்கேதான். 1666இல் ஷாஜஹான் இறந்ததும், எதிர்த்து நின்ற அதே ஜஹனாராவைக் கூப்பிட்டு முதல் இளவரசி என்கிற இடத்தைத் திருப்பிக் கொடுத்தார் அவுரங்கசீப். கூடவே நின்ற ரோஷனாரா 1671இல் இறந்தாள். டில்லியில் அவள் போட்ட தோட்டத்திலேயே சமாதி.

ஜெயித்த கட்சியில் இருந்துகொண்டே தோற்ற அந்த ஐந்து வருடத்தை யாராவது நாவலாக எழுதியிருந்தால் சொல்லுங்கள். தமிழில் என்றால் ரொம்ப நல்லது, வாசித்துக் காட்டலாம். "அக்காக்காரி திரும்பி வந்த அன்னிக்கு சின்னவ என்ன சொன்னா?" என்று அம்மா விடாமல் கேட்கிறாள்.