ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஏதுலே வெளிச்சம்? (சாட்டிலைட் படம் சேத்து வச்ச கதை)

குளச்சல்ல எங்க வீட்டு மொட்டை மாடில வானிலை சாட்டிலைட் அனுப்புற படத்த புடிக்க ஆன்டெனா கட்டுனது 2024 கடைசில. ஆன்டெனான்னா பெருசா ஒண்ணுமில்ல, ஸ்கிரீன் தொங்கவிடுற அலுமினிய கம்பி ரெண்டு, ஒவ்வொண்ணும் 53.4 சென்டிமீட்டர், 120 டிகிரிக்கு விரிச்சு பிவிசி பைப்புல கட்டி, பழைய டிஷ் ஒயர ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள்ல (ரேடியோ சிக்னல கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்ற குட்டி யுஎஸ்பி) சொருவியாச்சு, அவ்ளோதான். உப்புக்காத்துக்கு ஒயர் முட்டுற எடம் பச்ச புடிச்சுரும், அத அப்பப்ப சுரண்டி விடணும். தெக்க முழுக்க கடல், மறைக்க ஒண்ணுமில்ல, சாட்டிலைட் தெக்கருந்து ஏறி வந்தா தொடுவானத்துலயே சிக்னல் கேக்கும். தொல்லை எல்லாம் தெருவுக்குள்ளதான், எல்இடி பல்பு, மோட்டார், சார்ஜர்னு ஒரே இரைச்சல். ஒரு நாள் ஊரே கரண்ட் இல்லாம கெடந்த சாயங்காலம் லேப்டாப் பேட்டரில எடுத்த படம்தான் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட நம்பர் ஒண்ணு.

மொதல்ல புடிச்சது அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட் நோவா 15, 18, 19. டிக்டாக்னு சத்தம் வரும், நொடிக்கு ரெண்டு வரி, ஒரு புள்ளிக்கு 4 கிலோமீட்டர். மூணையும் 2025 ஆகஸ்ட்டுக்குள்ள நிறுத்திட்டாங்க. இப்ப ரஷ்யாவோட மீட்டியோர் எம்2-3யும் எம்2-4உம்தான், 137.9 இல்லன்னா 137.1 மெகாஹெர்ட்ஸ், டிஜிட்டல், புள்ளிக்கு 1 கிலோமீட்டர், சாட்டம்ப்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டா படம் வந்துரும்.

படம் வர்றது லேசு. சேத்து வைக்கறதுதான் சவம், உயிர வாங்குது.

ஆரம்பத்துல பேஸ்பேண்ட், அதாவது வந்த ரேடியோ சிக்னல அப்படியே ரெக்கார்ட் பண்ணி வச்சேன், 12 நிமிசத்துக்கு 1.4 ஜிபி, ஒரு மாசத்துல ஹார்ட் டிஸ்க் மூச்சு முட்டிருச்சு. அப்புறம் வெறும் படத்த மட்டும் வச்சுட்டு மத்தத அழிச்சேன், அது அதவிட மடத்தனம், ஏன்னா வேற சேனல் (சாட்டிலைட் வேற வேற ஒளில தனித்தனியா எடுக்கறது) சேத்து பாக்கணும்னா வழியே இல்ல. இப்ப கேட்யு ஃபைல, அதாவது சிக்னல்லருந்து பிரிச்சு எடுத்த டேட்டாவ மட்டும் வைக்கேன். அது சாட்டிலைட் ஒரு தடவ கடந்து போறதுக்கு அஞ்சாறு எம்பிதான், அதுலருந்து எப்ப வேணும்னாலும் எல்லா சேனலையும் திருப்பி எடுத்துக்கலாம்.

அடுத்த கூத்து நேரம். நோவா ஆடியோவ டிரைவ்ல ஏத்தி வேற கம்ப்யூட்டர்ல இறக்கி அந்த சத்தத்த படமாக்கற டபிள்யுஎக்ஸ்டூஇமேஜ் சாஃப்ட்வேர்ல போட்டேன், அது ஃபைலோட தேதிய வச்சுதான் மேப் கோடு போடும்னு அப்ப தெரியாது, இறக்குன நேரத்த எடுத்துக்கிட்டு இலங்கைய எங்கயோ கொண்டு போயி வச்சிருச்சு. சாட்டிலைட்டுக்கு நேர் கீழ இருக்க எடம் நொடிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடுது, ஒரு நிமிசம் தப்புனாலே நாநூறு கிலோமீட்டர் போச்சு.

இதெல்லாம் ஏன் பண்றேன்னா, படம் பாக்க எனக்கு ஆளு இருக்கு. மீன் புடிக்கப் போற வள்ளக்காரங்க பத்துப் பேரு இருக்க வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன். கடலுக்குப் போவ இத நம்பாதீங்க, வானிலை மையம் சொல்றதக் கேளுங்கன்னு ஒவ்வொரு தடவையும் கூடவே போடுவேன், அது வேற விசயம்.

அதுல எங்க சித்தப்பா, ஒக்கி புயல் அன்னைக்குப் படம் கெடைக்குமாலேன்னு கேட்டாவ. அப்ப என்கிட்ட ஆன்டெனாவே இல்ல. இஸ்ரோவோட மோஸ்டாக் வெப்சைட்டுல கணக்கு தொடங்குனா நம்ம வானிலை சாட்டிலைட் இன்சாட்-3டிஆர் பழைய டேட்டா கெடைக்கும், 2016ல ஏவுனது, 74 டிகிரி கிழக்குல நிக்கி. 2017 நவம்பர் 30, ஃபைல் பேருல 0245னு இருக்கு. எச்டிஎஃப் ஃபைல பைத்தான்ல தொறந்து, விசிபிள் சேனல (கண்ணுக்குத் தெரியற சூரிய வெளிச்சத்துல எடுத்தது) நம்ம கடல் மட்டும் தெரியற மாதிரி வெட்டி, "ராத்திரி 2.45"னு எழுதி போனுக்கு அனுப்பிட்டேன்.

அஞ்சு நிமிசத்துல போன். "லேய் மக்கா, ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஏதுலே வெளிச்சம்?"

அதுக்கு நான் என்னத்தச் சொல்ல. பேருல இருந்தது யுடிசி, உலகப் பொது நேரம். அஞ்சரை மணி கூட்டுனா காலைல எட்டே கால். எட்டரை மணிக்குதான் அது கன்னியாகுமரிக்குத் தெக்க புயலாவே மாறுனது, அதுக்கு கால் மணி முன்னாடி எடுத்த படத்த நான் ராத்திரின்னு எழுதி வச்சிருக்கேன். அன்னைக்கு கடல்ல நின்னவங்களுக்கு மணி ஒண்ணும் மறக்காது. சித்தப்பா திட்டல, "நேரத்தச் சரியா எழுது"ன்னு மட்டும் சொன்னாவ.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பழசு எல்லாத்துக்கும் பேரு மாத்துனேன். ஃபைல் பேருல யுடிசி மட்டும், படத்து மேல நம்ம நேரம் மட்டும், பெரிய எழுத்துல, காலையா சாயங்காலமான்னும் சேத்து. ரெண்டையும் ஒரே எடத்துல போட்டுப் பாத்தேன், எல்லாரும் குழம்பிட்டாங்க.

இப்ப சித்தப்பா, ஒக்கிக்கு முந்தின நாள் நவம்பர் 29 சாயங்காலம் நாலே காலுலருந்து அடுத்த நாள் எட்டே கால் வரை அரை மணிக்கு ஒண்ணா 33 படம் வேணும்னு கேட்டுருக்காவ. ராத்திரிக்கு விசிபிள் ஒதவாது, வெப்பத்த வச்சு எடுக்கற 10.8 மைக்ரான் தெர்மல் சேனல்தான், மேகம் எவ்ளோ உசரமா குளுந்து நிக்கோ அவ்ளோ வெள்ளையா தெரியும். ஒரு ஃபைல் இறங்க மாட்டேங்குது, திரும்ப ஆர்டர் போட்டுருக்கேன். மிச்சம் 32க்கும் நேரம் எழுதிட்டேன், அனுப்பறதுக்கு முன்னாடி சித்தப்பாவயே பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா பாக்கணும்.