காலப்பிரமாணம் ஏன் ஓடுகிறது?

கர்நாடக சங்கீதம் பாடும்போது, பல்லவியில் எடுத்த காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) சரணத்தில் இருப்பதில்லை, கூடிவிடுகிறது. ஆசிரியர் "ஓடுது, ஓடுது" என்பார். மாணவர் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) இழுத்துப் பிடிப்பார். அடுத்த சங்கதியில் (அதே வரியை மாற்றிப் பாடும்போது) மறுபடி ஓடும். இதைப் பார்த்து "லய ஞானம் போதாது" என்று முத்திரை குத்துவது அநியாயம். கணக்கில் கெட்டிக்காரர்களுக்கும் ஓடுகிறது. நேரத்தை அளக்க மனசுக்குள் இருக்கும் ஏற்பாட்டுக்குச் சில குணங்கள் உண்டு, அந்தக் குணங்கள்தான் ஓட வைக்கின்றன. எங்கே ஓடுகிறது, எதனால் ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் அளந்து பாருங்கள். மெட்ரோனோமை (சீரான இடைவெளியில் தட்டொலி தரும் கருவி) நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அதோடு சேர்ந்து 4 ஆவர்த்தனம் ஆதி தாளம் (ஒரு சுற்றுக்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை) போடுங்கள். பிறகு மெட்ரோனோமை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் கையைத் தொடருங்கள். அடுத்த சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) இடது கையால் ஸ்டாப்வாட்சைத் தட்டி, 8 ஆவர்த்தனம் போட்டு, ஒன்பதாவது சமம் விழும்போது நிறுத்துங்கள். 64 அட்சரம், ஆக 64 விநாடி வரவேண்டும். பலர் கடைசி வீச்சிலேயே (சுற்றின் எட்டாவது அசைவிலேயே) நிறுத்திவிடுவார்கள். அதுவரை 63 இடைவெளிதான் ஆகியிருக்கும், கணக்கு தப்பிவிடும். 61 விநாடி வந்தால் சராசரி வேகம் 63 ஆகிவிட்டது என்று அர்த்தம், 58 வந்தால் 66. சேர்ந்து தட்டவிட்டு, பிறகு சத்தத்தை எடுத்துவிட்டுத் தொடரச் சொல்லும் இந்த முறையை 1886இலேயே ஆய்வில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் இதைவிட எளிய சோதனை கிடையாது.

வெறும் தாளத்தோடு ஒருமுறை, நன்றாகப் பாடமான பாட்டைப் பாடிக்கொண்டு ஒருமுறை என்று இரண்டு தடவை அளக்கவேண்டும். வெறும் தாளம் 64 விநாடியிலேயே நின்று, பாடும்போது மட்டும் 60 விநாடிக்கு வந்தால் உங்கள் உள்கடிகாரத்தில் கோளாறு இல்லை, பாட்டில் ஏதோ ஓர் இடம் தள்ளுகிறது. இரண்டுமே ஓடினால்தான் கடிகாரத்தைக் கவனிக்கவேண்டும். இந்தப் பாகுபாடு தெரியாமல் எல்லோரையும் மெட்ரோனோம் முன்னால் உட்கார வைப்பதில் மாதக்கணக்கில் நேரம் போகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மெட்ரோனோமோடு தட்டும்போது கை சத்தத்துக்குச் சற்று முன்னால்தான் விழும். பயிற்சி இல்லாதவர்களுக்கு 20 முதல் 80 மில்லி விநாடி வரை முந்தும், இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இது குறைவு. தட்டுகிறவருக்கோ தான் சரியாகத் தட்டுவதாகவே இருக்கும். இது ஓட்டம் அல்ல. ஒவ்வொரு அடியும் ஒரே அளவு முந்தினால் இடைவெளி மாறவில்லை, காலப்பிரமாணம் நிற்கிறது. பதிவைக் கேட்டுவிட்டு "நீ முந்துகிறாய்" என்று மாணவரைத் திட்டவேண்டியதில்லை. அடிக்கு அடி இடைவெளி குறைகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடையில் தட்டாமல் கைதட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு தட்டும் ஒரு முள் மாதிரி நிற்கும். முள்ளுக்கு முள் தூரத்தை மில்லி விநாடியில் எழுதிக்கொண்டே வாருங்கள். 1000, 1020, 980, 1015, 985 என்று நீளம், குட்டை, நீளம், குட்டையாக மாறிமாறி வந்தால் கடிகாரம் சரி, கைதான் தடுமாறுகிறது. ஓர் அடி தாமதமாக விழுந்தால் அதற்கு முந்தைய இடைவெளி நீண்டு, பிந்தைய இடைவெளி குறையும், மொத்தக் கணக்கு மாறாது. 1000, 992, 985, 978 என்று ஒரே பக்கமாகச் சரிந்தால் கடிகாரமே வேகம் பிடிக்கிறது. விங், கிறிஸ்டோபர்சன் என்ற இருவரும் 1973இல் கொடுத்த விளக்கம் இது: உள்ளே அளக்கும் கடிகாரம் வேறு, அதன் கட்டளையை நிறைவேற்றும் கை வேறு, இரண்டின் பிழைகளும் வேறுவேறு தடம் விடும். கை தடுமாறுகிறவருக்குத் தேவை கைப்பயிற்சி. கடிகாரம் ஓடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

இனி மெட்ரோனோம். இது நல்ல அளவுகோல், ஆனால் இதை மட்டும் நம்பினால் லயம் வளராது. அதோடு சேர்ந்து தட்டும்போது நம் மூளை இரண்டு வகைத் திருத்தம் செய்கிறது. ஒன்று, பிந்தியிருந்தால் அடுத்த அடியைக் கொஞ்சம் முன்னால் போடுவது. இது நம்மை அறியாமலே நடக்கும். மெட்ரோனோமில் ஓர் அடியை, காதுக்கே தெரியாத அளவு நகர்த்தி வைத்தால்கூட கை தானாக அதைப் பின்பற்றும். இரண்டாவது, கடிகாரத்தின் வேகத்தையே மாற்றுவது. இதற்குக் கவனம் வேண்டும். மெட்ரோனோம் ஓடிக்கொண்டே இருந்தால் முதல் வகைத் திருத்தமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். உள்கடிகாரம் 62இல் ஓடினாலும் ஒவ்வொரு அடியிலும் இழுத்துக் கட்டப்பட்டு 60 மாதிரித் தெரியும். கயிற்றை அவிழ்த்ததும் 62. "மெட்ரோனோமோடு சரியாத்தான் இருக்கேன், அது இல்லாட்டி ஓடுது" என்று சொல்கிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஆகவே சத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம் 60. அடுத்த வாரம் அதையே 30 என்று வைத்து, சத்தம் இரண்டு அட்சரத்துக்கு ஒருமுறை விழும்படி போடுங்கள். அதற்குப் பிறகு 15, லகுவின் தொடக்கத்திலும் (முதல் அட்சரம்) முதல் திருதத்தின் தொடக்கத்திலும் (ஐந்தாவது அட்சரம்) மட்டும் சத்தம். பல செயலிகள் இவ்வளவு கீழே போகாது, அப்போது சில ஆவர்த்தனம் ஒலித்துச் சில ஆவர்த்தனம் மௌனமாக இருக்கும் வசதி உள்ள செயலியைத் தேடிக்கொள்ளுங்கள். இதையெல்லாம்விடப் பலன் தருவது ஒன்று உண்டு. 60இல் வைத்துக்கொண்டு, சத்தத்தைத் தட்டாக எடுக்காமல் இரண்டு தட்டுக்கு நடுவே, அரை இடத்தில் விழுவதாகக் கேட்டுத் தாளம் போடுவது. இப்போது தட்டை யாரும் உங்களுக்குத் தரவில்லை, நீங்கள்தான் உண்டாக்கவேண்டும். முதல் நாள் நாலு அட்சரத்துக்குள் கை போய்ச் சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் கூடக்கூட எதிரடி நேரடியாக மாறிவிடத் துடிப்பது மனித உடலின் இயல்பு. 50இல் தொடங்கி, 2 ஆவர்த்தனம் நின்ற பிறகு வேகத்தை 4 கூட்டுங்கள். அரை இடத்து எடுப்புள்ள (சமத்துக்கு அரை அட்சரம் தள்ளித் தொடங்கும்) கிருதிகளைச் சமத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

சௌக்க காலத்தில் (மெதுவான வேகத்தில்) சங்கடம் வேறு மாதிரி. யாரையும் "உனக்குச் சௌகரியமான வேகத்தில் தட்டு" என்றால் பெரும்பாலோர் 500, 600 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை தட்டுவார்கள். அதைவிட மெதுவான வேகம் எல்லாம் இந்தப் பக்கம் சாயப் பார்க்கும். இடைவெளி நீள நீள துல்லியமும் குறையும். சுமார் 1.8 விநாடியைத் தாண்டினால் இரண்டு தட்டுகள் ஒரு நடையாகச் சேராமல் தனித்தனியாக நின்றுவிடும், அடுத்ததை முன்கூட்டி உணர முடியாமல் காத்திருந்து தட்டவேண்டி வரும். பல்லவியில் 2 களை, 4 களை என்று ஒரே கிரியையை (தட்டு, விரல், வீச்சு போன்ற கை அசைவை) திருப்பித் திருப்பிப் போடுவதன் அருமை இங்கே புரியும். நீண்ட அட்சரத்தை மனசு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அது துண்டு போட்டுத் தருகிறது.

துண்டு போடுவதற்கும் அளவு உண்டு. ஒரு துண்டு 200, 250 மில்லி விநாடிக்குக் கீழே போனால் அது உதவாது, தடுமாற்றத்தைத்தான் கூட்டும். 60இல் பாடும்போது மனசுக்குள் "தகதிமி" ஓடட்டும், ஒரு எழுத்துக்கு 250. 90இல் அதே "தகதிமி" 167 ஆகிவிடும், அங்கே "தக" போதும். 40இல் ஓர் அட்சரம் ஒன்றரை விநாடி, நாலாக வெட்டினால் 375, சுகமாக நிற்கும். கார்வை தப்புவதற்கும் இதே வைத்தியம். நீண்ட ஸ்வரத்தில் நிற்கும்போது உள்ளே எண்ணிக்கை ஓடாவிட்டால் ஒருநாள் நீளும், ஒருநாள் குறையும், படபடப்பான நாளில் கட்டாயம் குறையும்.

இரண்டாம் காலத்தில் (தாளம் அப்படியே இருக்க, பாட்டு மட்டும் இரட்டை வேகம்) ஏன் ஓடுகிறது? நிறைய நிகழ்ச்சி நிரம்பிய நேரம், காலியாகக் கிடக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். ஒரு அட்சரத்துக்குள் எட்டு ஸ்வரம் வந்தால் அட்சரம் முடிந்துவிட்டது என்று மனசு அவசரப்படும், கை முன்னால் விழும். இங்கே ஆதி தாளத்தின் அமைப்பையும் கவனிக்கவேண்டும். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு: இதில் காதுக்குக் கேட்பது 1, 5, 7 மட்டும். மூன்று விரல் எண்ணிக்கையும் சத்தமில்லாதவை, அசைவும் சின்னது. கற்பவர்கள் ஸ்வரத்தை அங்கேதான் நெருக்கிவிடுவார்கள். தட்டுக்குக் கையை எவ்வளவு உயரம் தூக்குகிறீர்களோ, வீச்சிலும் அதே அளவு நிதானம் இருக்கட்டும். விரலைக் கட்டைவிரலால் தொட்டு அழுத்தி எடுங்கள். அசைவு இடைவெளியை நிரப்பினால் நேரம் நிற்கும்.

அது நின்ற பிறகு கையையே எடுத்துவிடலாம். ஒரு ஆவர்த்தனம் கையோடு, ஒரு ஆவர்த்தனம் கையில்லாமல் பாடி, சமத்தில் மறுபடி தட்டுங்கள். ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் 2007இல் மூளைப் படத்தில் காட்டியது போல, உடல் அசையாமல் தாளத்தைக் கேட்டாலே அசைவுக்கான மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. தாளம் தொடையில் இல்லை. கை அதற்கு ஏணி.

மேடையில் ஓடுவது உடம்பின் காரியம். ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியலாளர் 1930களில், காய்ச்சலில் கிடந்த தன் மனைவியை 60 விநாடி எண்ணச் சொல்லிப் பார்த்தார். உடல் சூடு ஏற ஏற அவர் எண்ணிய நிமிடம் சுருங்கியது. படபடப்பிலும் உள்கடிகாரம் இப்படி வேகமாகிறது. 72 என்று நினைத்து எடுப்பது 80இல் வந்து நிற்கும், பாடுகிறவருக்கு அது 72 மாதிரியே இருக்கும். அதனால் மேடையில் "சரியாக இருக்கிறது" என்ற உணர்வை நம்பி எடுக்கக்கூடாது, வெளியே ஒரு கொக்கி வேண்டும். லெவிட்டின், குக் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பாடமான பதிவுப் பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னபோது, பாடியவற்றில் 72 சதவீதம் மூல வேகத்துக்கு 8 சதவீதத்துக்குள் வந்தன. ஒவ்வொரு வேகத்துக்கும் நூறு தடவை கேட்ட ஒரு பதிவை வைத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன் அதன் முதல் வரியை மனசுக்குள் ஓடவிட்டு, கையை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். 5 விநாடி போதும்.

கடைசியாகக் கூட்டுப் பாட்டு. பஜனை கோஷ்டி சின்ன அறையில் உட்கார்ந்தால் ஓடும், பெரிய மண்டபத்தில் இழுக்கும். தனியாகத் தட்டுவதைவிட இருவர் சேர்ந்து தட்டும்போது வேகம் அதிகம் கூடுகிறது என்பது ஆய்விலும் தெரிந்தது. அறையின் அளவுக்குக் காரணம் ஒலியின் வேகம், விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் இரண்டிரண்டு பேரைத் தனி அறைகளில் உட்கார வைத்து, ஒருவர் கைதட்டல் மற்றவருக்குத் தாமதமாகக் கேட்கும்படி செய்தார். தாமதம் சுமார் 11.5 மில்லி விநாடிக்குக் குறைந்தால் லேசாக ஓடியது, கூடினால் இழுத்தது, கூடக்கூட மோசமாக இழுத்தது. 11.5 மில்லி விநாடியில் ஒலி நாலு மீட்டர் போகும். மண்டபத்தின் கடைசி வரிசை 17 மீட்டர் தள்ளியிருந்தால் அவர்களுக்கு ஜால்ரா 50 மில்லி விநாடி தாமதம், அவர்கள் குரல் திரும்பி வரும்போது 100.

ஜால்ரா ஒன்றே ஒன்று போதும், அது ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருக்கட்டும். பின் வரிசைக்காரர்கள் காதை நம்பாமல் அந்தக் கையைப் பார்க்கட்டும். பளிச்சிடும் விளக்கைப் பார்த்துத் தாளம் பிடிப்பது கஷ்டம், ஆனால் ஏறி இறங்கும் கை எப்போது விழும் என்பது அதன் பாதையிலேயே தெரியும், ஒளிக்குத் தாமதமும் இல்லை. கை தோளுக்கு மேலே போய் வரவேண்டும். மடியில் தட்டுகிற ஜால்ரா மூன்றாவது வரிசைக்கே தெரியாது. இணையவழி வகுப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பாட முயலாதீர்கள், போய்வரும் தாமதம் இந்த அளவையெல்லாம் எப்போதோ தாண்டிவிடும். ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் திருப்பிப் பாடட்டும், தாளம் அவரவர் பக்கத்தில் அவரவர் போடட்டும். பயிற்சிக்கு ப்ளூடூத் இயர்போனும் வேண்டாம். மெட்ரோனோம் காதுக்குத் தாமதமாக வந்துசேரும், பதிவில் உங்கள் கை எல்லா அடியிலும் பிந்தியதாகத் தெரியும், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கம்பியுள்ள இயர்போன் போதும்.