அம்மாவின் நம்பரை வேறு கொம்பனிக்கு மாற்ற ஐந்து வாரம்

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு அம்மாவின் போன் திரையில் புதிய கொம்பனியின் பெயர் வந்தது. நவம்பர் கடைசியில் தொடங்கிய அலுவல். விண்ணப்பம் நிரப்பப் பத்து நிமிடம்தான் எடுத்தது. மிச்ச ஐந்து வாரமும் ஒரு பெயருக்காகப் போனது. சுவிஸில் இருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் பழைய பிரீபெய்ட் சிம் இன்னும் பாவனையில் இருப்பவர்கள், கொம்பனி மாற முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

அந்த நம்பரை 2001-ல் அண்ணா வாங்கிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து மாமிமாரில் இருந்து லண்டன் சித்தப்பா வரைக்கும் எல்லாருடைய கொப்பியிலும் அதுதான் இருக்கிறது. "அந்த நம்பர் போனால் எனக்குப் போனே வேண்டாம்" என்று அம்மா முதலே சொல்லிவிட்டார். ஆகவே புதிய நம்பர் எடுக்கும் யோசனைக்கு இடமே இல்லை. ஆனால் செலவு தாங்கவில்லை. அம்மா இப்போது வீடியோவில்தான் கதைப்பார். பழைய பிரீபெய்ட் கணக்கில் 20 பிராங் போட்டால் ஒரு கிழமை தாண்டாது. மாதம் 70 பிராங்குக்கு மேல் நான் போட்டுக்கொண்டிருந்தேன். பிளாக் பிரைடே மலிவு விற்பனையில் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு, நாட்டுக்குள் அளவில்லாத டேட்டாவோடு ஒரு சந்தா கிடைத்தது.

இந்த மலிவு எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. இங்கே 1998-ல்தான் தொலைபேசித் துறை போட்டிக்குத் திறந்தது. அந்த வருடக் கடைசியில் டிஆக்ஸ் என்ற கொம்பனி வந்தது, 1999-ல் ஒறேஞ் என்ற கொம்பனி வந்தது. 2000 மார்ச்சில் இருந்து நம்பரை விடாமல் கொம்பனி மாறலாம். 2010-ல் ஒறேஞ்சும் சன்ரைஸ் என்ற கொம்பனியும் ஒன்றாக இணையப் பார்த்தபோது போட்டி ஆணைக்குழு மறித்தது. அன்று விட்டிருந்தால் இரண்டே இரண்டு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள், இந்த மலிவும் வந்திருக்காது என்பது என் எண்ணம். இப்போது இருப்பது சுவிஸ்கொம், சன்ரைஸ், சோல்ட் என்று மூன்று வலையமைப்பு. ஒறேஞ்தான் 2015-ல் சோல்ட் ஆனது. கடையில் தெரியும் பல பெயர்கள் இவர்களுடைய பிள்ளைகள்தான்: விங்கோ சுவிஸ்கொமுடையது, யாலோவும் லெபாராவும் சன்ரைஸுடையவை. அதே கோபுரம், அதே சிக்னல், விலை மட்டும் வேறு. தாய்க் கொம்பனியின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, விண்ணப்பம் போட்டு மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. மாற்றம் நிராகரிக்கப்பட்டது, உரிமையாளர் விவரம் பொருந்தவில்லை. ஒரே ஒரு வரி.

பழைய கொம்பனியின் கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்தார். "இந்த நம்பர் இவருடைய பெயரில் இல்லை" என்றார். யாருடைய பெயரில் என்று கேட்டால், தரவுப் பாதுகாப்பு, சொல்ல முடியாது. இருபது வருடத்துக்கு மேல் அம்மாவின் கையில் இருக்கிற நம்பர். அண்ணாவின் பெயராக இருக்குமா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. "உரிமையாளர் நேரில் வரவேண்டும்" என்பதையே மூன்று தரம் சொன்னார். அண்ணா 2009-ல் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா முழங்கால் நோவோடு ட்ராமில் வந்திருந்தார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து ஹொட்லைனுக்கு எடுத்தபோதுதான், உரிமையாளர் மாற்றத்துக்கு என்று ஒரு படிவம் இருப்பதே தெரிந்தது. பழையவர், புதியவர் இருவரின் கையெழுத்தும் இருவரின் அடையாளப் பிரதியும் போதும், யாரும் நேரில் வரத் தேவையில்லை. கடையில் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். கடையில் முடியாது என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள், ஹொட்லைனிலும் ஒருக்கால் கேளுங்கள்.

அண்ணா அங்கே கையெழுத்து வைத்து ஸ்கான் பண்ணி அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது நிராகரிப்பு. இந்த முறை அண்ணாவின் பெயர் பொருந்தவில்லை!

இது எங்கள் ஆட்கள் பலருக்கும் வரக்கூடிய சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் என்ற பழக்கம் இல்லை. இங்கே வந்திறங்கியபோது அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். 2004-ல் பிரீபெய்ட் சிம்மைப் பெயரோடு பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, அண்ணா தன் வதிவிட அனுமதி அட்டையைக் காட்டித்தான் பதிந்திருக்கிறார். கனடாக் கடவுச்சீட்டில் அதே இரண்டு பெயரும் இடம் மாறி, ஆங்கில எழுத்தும் ஒன்றிரண்டு கூடி இருக்கிறது. எங்களுக்கு அது ஒரே ஆள். கொம்பனியின் கணினிக்கு இரண்டு ஆட்கள்.

காப்பாற்றியது அம்மாதான். எந்தக் காகிதத்தையும் எறியாதவர். அலுமாரிக்குள் இருந்த பழைய பையில் அண்ணாவின் அனுமதி அட்டைப் பிரதி, 2003-ம் ஆண்டினது, மங்கலாக ஆனால் வாசிக்கக்கூடியதாகக் கிடைத்தது. அதோடு, இரண்டு பெயரும் ஒருவரே என்று அண்ணா எழுதிக் கையெழுத்திட்ட அரைப்பக்கக் கடிதம், சிம் அட்டையின் பின்னால் உள்ள நீள இலக்கம், கடைசி மூன்று தரம் காசு போட்ட பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பத்து நாளில் முடிவு வராவிட்டால் ஒம்புட்ஸ்கொமுக்குப் போவேன். பேர்ணில் இருக்கிற அந்தச் சமரச நிலையம் வாடிக்கையாளரிடம் எடுப்பது 20 பிராங்தான். ஆனால் முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அதனால் போனில் மட்டும் சண்டை பிடிக்காதீர்கள். நான்காம் நாள் பதில் வந்தது. நம்பர் அம்மாவின் பெயருக்கு மாறிவிட்டது. அம்மா அந்தக் கடிதத்தையும் அதே பைக்குள் வைத்தார்.

இதற்குள் மலிவு விற்பனை முடிந்திருந்தது. முதல் நாள் வந்த விண்ணப்ப உறுதி மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்ததால் புதிய கொம்பனி பழைய விலையையே தந்தது. கேட்டதால்தான் தந்தார்கள், தாங்களாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் சில விஷயங்கள். பழைய கணக்கை நீங்களாக முதலில் முறிக்காதீர்கள். நம்பர் உயிரோடு இருக்கும்போதுதான் மாற்றலாம், முறிக்கும் வேலையைப் புதிய கொம்பனியே செய்யும். சந்தாவில் இருந்து மாறுகிறவர்கள் முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்துத் திகதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கட்ட நேரும். பிரீபெய்டில் இருக்கிற மீதிக் காசு நம்பரோடு சேர்ந்து வராது. அம்மாவின் 38 பிராங் அப்படிப் போனது. மாறுகிற நாளில் பழைய சிம் செத்துப் புதியது எழும்ப எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரத்தில் வங்கிக் குறுஞ்செய்தி வராது, போனால் காசு கட்டும் ட்வின்ட் செயலியில் செய்யும் வேலைகளையும் முதல் நாளே முடித்து வையுங்கள்.

அப்புறம் ரோமிங். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, 2017-ல் அங்கே ரோமிங் கட்டணத்தை எடுத்த விதி நமக்குச் செல்லாது. அம்மா வருடத்தில் இரண்டு தரம் பாரிசுக்குப் போவார், அங்கே தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் நின்று வீடியோவில் சேலை காட்டுவார். பழைய கணக்கில் போன கோடையில் ஒரே பின்னேரத்தில் 40 பிராங் கரைந்தது. புதிய சந்தாவில் ஐரோப்பாவுக்கு மாதம் 2 ஜிபி இருக்கிறது. அது முடிந்ததும் தானாகத் துண்டிக்கும்படி நேற்றே அமைத்துவிட்டேன்.

இன்றைக்குத் தங்கச்சியின் சிம் யாருடைய பெயரில் என்று பார்க்கச் சொன்னேன். அதுவும் அண்ணாவின் பெயரில்தானாம்.