கைடு இல்லாம நியூசிலாந்து குளிர்ல ட்ரவுட் பிடிக்க போனோம், கடலூர்ல உக்காந்து பிளான் பண்ண கதை

முதல்லயே சொல்லிடறேன், கைடு வேணாம்னு முடிவு பண்ணது வீராப்புக்கு இல்ல, காசுக்கு. ஒரு நாளைக்கு அவங்க கேக்குற ரேட்டை ரூபாய்க்கு மாத்தி பாத்தா தலை சுத்துது, அந்த காசுல எனக்கும் என் மச்சினனுக்கும் நாலஞ்சு நாள் ரூம் வாடகையே முடிஞ்சிரும் போல. அதோட ரெண்டு பேருமே சின்ன வயசுலேர்ந்து உப்பனாத்துலயும் பெண்ணையாத்து முகத்துவாரத்துலயும் கொடுவாக்கு தூண்டி போட்டு வளந்தவங்க, "பக்கத்துல ஒருத்தன் நின்னுகிட்டு இங்க போடு அங்க போடுன்னா நமக்கு செட் ஆகாது மாமா"ன்னு அவன் வேற சொல்லிட்டான். சரி போலாம்னு ஆரம்பிச்சோம், அப்புறம்தான் தெரிஞ்சுது கைடுக்கு குடுக்குற காசு மீன் காட்டுறதுக்கு மட்டும் இல்ல, அவர் பாக்குற மத்த வேலை அத்தனையும் இப்ப நம்ம தலையில.

குளிர்ல ட்ரவுட் பிடிக்க எந்த நாடுன்னு தேடுறப்பவே பாதி லிஸ்ட் அடிபட்டு போச்சு. ட்ரவுட்ங்கறது குளிர்ந்த தண்ணில வாழற மீன், குளிர்காலத்துல முட்டை போடும் (சில ஜாதி வசந்தத்துல), அதனால நிறைய இடத்துல குளிர் வந்தா ஆத்தையே மூடிடுவாங்க. நம்ம ஹிமாச்சல்லயே நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் ட்ரவுட் ஆத்துல தூண்டி போடக்கூடாது. அர்ஜென்டினா பக்கம் படகோனியாவும் அவங்க குளிர்காலத்துல மூடிருக்கும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ சான் ஹுவான் ஆறு மாதிரி அணைக்கு கீழ இருக்குற ஆறு வருஷம் பூரா திறந்திருக்கு, அணையோட அடித்தண்ணி வர்றதால குளிர்லயும் தண்ணி ஒரே சூட்டுல இருக்கும், மீனும் சாப்பிட்டுகிட்டே இருக்கும். ஆனா அமெரிக்க விசாக்கு காத்திருந்து போற பொறுமை எனக்கு இல்ல.

நான் துறைமுகத்துக்கிட்ட ஐஸ் கம்பெனில கணக்கு பாக்குறவன். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அந்த 61 நாள்தான் எனக்கு லீவு கேட்டா முதலாளி மூஞ்சி சுளிக்காத நேரம். படகு கடலுக்கு இறங்குற அன்னைக்கு நான் சீட்ல இருக்கணும். அந்த நேரத்துல எங்கய்யா குளிர்காலம்னு பாத்தா பூமிக்கு கீழ்ப்பக்கம்தான். நியூசிலாந்துல ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர், மே கடைசிலயே ஏரில இருக்குற ரெயின்போ ட்ரவுட் ஆத்துக்குள்ள ஏற ஆரம்பிச்சிரும். தென்தீவோட மலை ஆறுங்க போட்டோல பாத்தா சொர்க்கம், ஆனா நிறைய ஆறு ஏப்ரல் முடிஞ்சா மூடிருவாங்க, ஹெலிகாப்டர்ல போய் இறங்குற இடமெல்லாம் வேற. நாங்க எடுத்தது வடதீவுல தௌபோ ஏரிக்கு தெக்கால இருக்குற டூராங்கிங்கற சின்ன ஊர், அது பக்கத்துல ஓடற டாங்கரீரோ ஆறு.

ஏன் அதுன்னா, தனியா போறவனுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. ஊரை ஒட்டியே ஆறு, கரையோரமா நடைபாதை, ஒவ்வொரு மடுவுக்கும் பேரு, ஹைட்ரோ பூல், மேஜர் ஜோன்ஸ், ரெட் ஹட்டுன்னு. முக்கியமா ஆத்தை கடக்க தொங்குபாலம் இருக்கு, தண்ணில இறங்கி கடக்கவே வேணாம். கைடு இல்லாம போறவங்க நல்ல மீன் இருக்குற இடத்தை தேடாதீங்க, வழி தெரியாதவன் போனாலும் உயிரோட திரும்பி வர்ற இடத்தை தேடுங்க. மீன் அங்கயும் இருக்கும்.

லைசென்ஸ் விஷயம் கொஞ்சம் கவனமா படிங்க. நியூசிலாந்து பூரா ஃபிஷ் அண்ட் கேம்னு ஒரு அமைப்பு லைசென்ஸ் குடுக்குது, அது தௌபோ பகுதில செல்லாது. அங்க தனி லைசென்ஸ், குடுக்கறது அந்த நாட்டு இயற்கை பாதுகாப்பு துறை. காரணம், அந்த ஏரி, ஆறோட அடித்தரை ங்காட்டி தூஃபாரெட்டோவாங்கற மாவோரி மக்களோடது, 1926ல அரசாங்கத்தோட ஒரு ஏற்பாடு, அதுபடிதான் லைசென்ஸ் வெச்சிருக்கறவன் கரையோரமா நடக்க உரிமை, லைசென்ஸ் காசுல ஒரு பங்கு அவங்களுக்கு. நம்ம ஊர்ல கரை யாருக்குன்னு நடக்குற பஞ்சாயத்தை பாத்தவனுக்கு இது ரொம்ப நியாயமா பட்டுச்சு. சீசன் லைசென்ஸ் ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடிஞ்சிரும், அதனால ஜூன் கடைசி ஜூலை முதல்னு போறவங்க சீசன் லைசென்ஸ் எடுத்தா பாதில காலாவதி ஆயிரும், நாள் கணக்கு வார கணக்கு லைசென்ஸ் பாருங்க. ஆத்தோட மேல்பகுதி குளிர்ல முட்டை போடறதுக்காக மூடியிருக்கும், எதுவரைக்கும்னு போர்டு இருக்கு. ராத்திரி 12 மணிலேர்ந்து காலைல 5 வரைக்கும் தூண்டி போடக்கூடாது, அந்த குளிர்ல எவன் போட போறான்.

விசா ஆன்லைன்லயே போட்டேன். மாசத்துக்கு 1000 நியூசிலாந்து டாலர் கையில இருக்குன்னு காட்டணும், தங்க முன்னாடியே காசு கட்டியிருந்தா 400 போதும். தமிழ்ல இருக்குற பேப்பருக்கெல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வெக்கணும், எங்க வீட்டு பத்திரத்தை மொழிபெயர்த்தவருக்கே நஞ்சை புஞ்சைக்கு வார்த்தை கிடைக்காம திணறிட்டாரு. போற காரணம்னு மீன் பிடிக்கன்னே எழுதினேன், எந்த நாள் எங்கன்னு ஒரு பக்கத்துல போட்டு, லீவு லெட்டரோட வெச்சேன். டிக்கெட் எடுக்கறப்ப ஒண்ணு, ஆஸ்திரேலியா வழியா மலிவா இருக்கும், ஆனா நம்ம பாஸ்போர்ட்டுக்கு அங்க டிரான்சிட் விசா தனியா வேணும். நாங்க சென்னை, சிங்கப்பூர், ஆக்லாந்துன்னு போனோம். ஆக்லாந்துலேர்ந்து டூராங்கி சுமார் 330 கிலோமீட்டர், நம்மள மாதிரியே இடது பக்க ஓட்டம், இங்கிலீஷ்ல இருக்குற நம்ம டிரைவிங் லைசென்ஸே போதும். காலைல ரோட்டுல கண்ணுக்கு தெரியாத ஐஸ் இருக்கும், வெயில் ஏறின பிறகு கிளம்புங்க. டூராங்கிக்கு தெக்கால டெசர்ட் ரோடுன்னு ஒண்ணு, பனி கொட்டினா மூடிருவாங்க.

இப்ப ட்ரெயினிங். ஃப்ளை ஃபிஷிங்ல எடை தூண்டில்ல இல்ல, லைன்லதான் இருக்கு, அந்த கனமான லைனை பின்னாடி முன்னாடி வீசி அது இழுத்துகிட்டு போற வேகத்துல இறகு கட்டின ஈ (பூச்சி மாதிரி செஞ்ச பொய் இரை, அதைத்தான் ஈன்னு சொல்றது) போய் விழணும். தேவனாம்பட்டினம் பீச்ல விடியற்காலைல போய் வீசி பழகினோம், அங்க வலை காய வெச்சுகிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏம்பா, ஈ ஓட்டறியா மீன் பிடிக்கிறியா"ன்னு கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பில்ல, எட்டு மணிக்கு மேல கடல்காத்து ஏறிச்சுன்னா லைன் திரும்பி நம்ம முதுகுலதான் சுத்தும். ஆனா அந்த காத்துல பழகினது பின்னாடி கை குடுத்துச்சு. பின்னாடி மரம் இருந்தா வீச முடியாது, அதுக்கு ரோல் காஸ்ட்னு தண்ணி மேல லைனை சுருட்டி தள்ளணும், அது மணல்ல வராது, தண்ணியோட பிடிமானம் வேணும், அதுக்கு உப்பனாத்து ஓரம் போனோம்.

வேடர்னு சொல்ற, நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் துணி டவுசர் மாதிரி ஒண்ணு, சிங்கப்பூர்ல இருக்குற சொந்தக்காரர் மூலமா வாங்கினோம், செகண்ட் ஹேண்ட். ஓட்டை இருக்கான்னு எப்படி பாக்கறது? பண்ருட்டி பக்கம் மச்சினனோட சித்தப்பா பலாத்தோப்புல பம்புசெட்டு தொட்டி இருக்கு, சித்திரை வெயில்ல அதை மாட்டிகிட்டு தொட்டில இறங்கி நின்னோம். உள்ள வந்த தண்ணி ஓட்டைல வந்ததா வேர்வையான்னு தெரியல, கடைசில உள்ள பழைய செய்தித்தாளை சுருட்டி வெச்சுதான் கண்டுபிடிச்சோம், இடது முட்டிகிட்ட பேப்பர் நனைஞ்சிருந்துச்சு, ஒட்டியாச்சு.

ரொம்ப உதவினது இன்னொண்ணு, இதை யாரும் எனக்கு சொல்லல. அங்க காலைல 0 டிகிரி பக்கத்துல, பகல்லயும் 10 தாண்டினா பெரிசு, அந்த குளிர்ல விரல் மரத்து போய் முடிச்சு போட வராதுன்னு படிச்சேன். நம்ம கிட்ட இல்லாததா ஐஸ்? கம்பெனில உடைச்ச ஐஸ் பொட்டில ரெண்டு கையையும் விட்டு, வலி ஏறி அப்புறம் வலியும் தெரியாம போற வரைக்கும் வெச்சிருந்து, எடுத்த உடனே கொக்கில முடிச்சு போட்டு பாப்பேன். முதல்ல தூண்டி நரம்பு கொக்கி ஓட்டையையே கண்டுபிடிக்காது, விரல் யாரோடதோ மாதிரி இருக்கும். லோடு ஏத்துற பசங்க வரிசையா நின்னு வேடிக்கை. இதுல தெரிஞ்சுது என்னன்னா அஞ்சாறு சுத்து சுத்துற முடிச்சு குளிர்ல வேலைக்கு ஆகாது, அதனால ராத்திரியே ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்து ரெண்டு ஈயும் கட்டின செட்டை நிறைய ரெடி பண்ணி ஒரு அட்டைல சுத்தி வெச்சுக்கணும், ஆத்துல ஒரே ஒரு முடிச்சு போட்டா போதும்.

ஷூ விஷயத்துல அவங்க ரொம்ப கண்டிப்பு. அடியில கம்பளி மாதிரி ஃபெல்ட் வெச்ச ஷூவுக்கு 2008லேர்ந்து தடை, 2004ல தென்தீவு ஆத்துல டிடிமோங்கற பாசி கண்டுபிடிச்சாங்க, ஈரமான ஃபெல்ட்ல ஒட்டிகிட்டு ஆறு விட்டு ஆறு பரவும்னு. ரப்பர் அடி, ஆணி வெச்சது வாங்குங்க. ஏர்போர்ட்ல பயன்படுத்தின தூண்டி சாமான் எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணணும், இறகு கட்டின ஈ உட்பட. சொல்லாம மாட்டினா அங்கயே 400 டாலர் ஃபைன். எங்க அம்மா நெத்திலி கருவாடு கட்டி வெச்சாங்க, அதை எடுத்து வெச்சுட்டு பாக்கெட் மீன் மசாலா மட்டும் எடுத்துகிட்டு போய் அதையும் டிக்ளேர் பண்ணேன், பாத்துட்டு விட்டாங்க. வேடரை உள்பக்கம் திருப்பி பாத்தாங்க, பல் தேய்க்கிற பிரஷ்ல ஆணி இடுக்கெல்லாம் தேச்சு கொண்டு போனதால சட்டுனு முடிஞ்சுது.

ஆத்துல என்ன நடந்துச்சுன்னா, முதல் ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. கனமான டங்ஸ்டன் மணி போட்ட நிம்ஃப் (தண்ணிக்குள்ள மூழ்குற ஈ) ஒண்ணு, அதுலேர்ந்து ஒரு முழத்துக்கும் கம்மியா நரம்பு விட்டு மீன் முட்டை மாதிரி கலர்ல குளோபக்னு சின்ன ஈ, மேல கம்பளி நூல் மிதப்பு, இதை மேல்பக்கமா வீசி தண்ணியோட வேகத்துலயே கீழ வர விடணும். தனியா ஈய குண்டு சேக்கக்கூடாது அங்க, கனம் ஈக்குள்ளயே இருக்கணும். அந்த கனம் காதோரமா விர்ருனு போறப்ப தொப்பி, கண்ணாடி இல்லாம நிக்காதீங்க. நாங்க லைனை இழுத்து வெச்சு மிதப்பை தண்ணியை விட வேகமா ஓட விட்டுகிட்டே இருந்தோம், பக்கத்துல மீன் பிடிச்சுகிட்டு இருந்த ஒரு வயசானவர் ராடை தூக்கி லைனை மேல்பக்கம் புரட்டி போட்டு காட்டினார், அவ்ளோதான் பேசினாரு. கைடு காசு மிச்சம்.

மூணாவது நாள் ராத்திரி மழை. ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு நெட்லயே பாக்கலாம், மேல நீர்மின் நிலையத்துக்கு தண்ணிய திருப்புறதால அந்த கணக்கு வெச்சிருக்காங்க. மழை பேஞ்சு தண்ணி ஏறி, திரும்ப வடியற நேரம்தான் ஏரிலேர்ந்து புது மீன் கூட்டமா ஏறும். நம்ம ஊர்ல மழைத்தண்ணி கடல்ல கலக்குற அன்னைக்கு முகத்துவாரத்துல கொடுவா நிக்கும்ல, அதே கணக்கு, இதை படிச்சப்பவே எனக்கு நம்பிக்கை வந்துச்சு. மறுநாள் மதியம் தண்ணி லேசா கலங்கி பச்சையா இருந்தப்ப மிதப்பு நின்ன மாதிரி இருந்துச்சு, கல்லுல மாட்டிகிச்சுன்னு தூக்கினா கல்லு ஓட ஆரம்பிச்சுது. ரெண்டு தடவை தண்ணிய விட்டு எகிறினது, ரீல் கத்துது, மச்சினன் என்னை விட சத்தமா கத்துறான். ரெண்டு கிலோ பக்கம், வெள்ளி மாதிரி புது மீன், கன்னத்துல மட்டும் லேசா ரோஸ். அவனுக்கு சாயங்காலம் ரெண்டு. அங்க ட்ரவுட்டை காசுக்கு விக்கவே கூடாது, கடைல ஹோட்டல்ல எங்கயும் கிடைக்காது, பிடிச்சவன்தான் சாப்பிடணும். ஒண்ண மட்டும் வெச்சுகிட்டு மசாலா தடவி வறுத்தோம். உண்மைய சொன்னா வஞ்சிரம் பக்கத்துல வராது.

சரளைக்கல்லு புதுசா கிளறி வெளுப்பா தெரியற இடத்துல கால் வெக்காதீங்க, முட்டை அங்கதான். முட்டி ஆழத்துக்கு மேல நாங்க இறங்கல, வேடர்ல இடுப்பு பெல்ட் இறுக்கி கட்டியே நின்னோம், விழுந்தா உள்ள தண்ணி ரொம்பாம இருக்க. ஏற்கனவே ஆள் நிக்குற மடுல அவர் எந்தப்பக்கம் நகருறாருன்னு பாத்து அவருக்கு பின்னாடி இறங்குங்க, நிம்ஃப் போடறவங்க மேல்நோக்கி போவாங்க, மூழ்கு லைன் போடறவங்க கீழ்நோக்கி வருவாங்க.

திரும்பறப்ப கடைசி ரெண்டு நாள் மீன் பிடிக்கற பிளான் வெக்காதீங்க. தொட்டா ஈரமே இல்லாம காஞ்ச பிறகும் 48 மணி நேரம் காய விடணும்னு அங்க சொல்றாங்க, அந்த குளிர்ல வேடர் காயவே ஒரு நாள் ஆகுது, ஈரத்தோட பையில போட்டா வெயிட்டும் கூடுது. ரூம் புக் பண்றப்பவே துணி காய வெக்க தனி ரூம் இருக்கான்னு கேட்டுக்கோங்க, டூராங்கில மீன் பிடிக்க வர்றவங்களுக்குன்னே நிறைய இடத்துல வெச்சிருக்காங்க.